ஒரு கையில் பிடிக்கும் தட்டு

சாப்பிட்டு முடித்ததும் குப்பைக்குப் போகும் ஒரு தட்டுக்காக நான் மலாக்கா போனேன். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அதுக்கு எதுக்குப் பாஸ்போர்ட்? இங்கேயே மண்டபத்துக்கு மண்டபம் குவிஞ்சு கிடக்குதே" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோயம்புத்தூரில் டப்பா, பொட்டலம், தட்டு என்று ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் சாமான்களை வடிவமைத்துத்தான் நான் பிழைக்கிறேன். தூக்கிப் போட்ட பிறகு அதெல்லாம் என்ன ஆகிறது என்று யோசிக்க ஆரம்பித்தது கடந்த சில வருடங்களாகத்தான். அப்படி யோசிப்பதால் வேலைகள் குறைந்திருக்கின்றன, தூக்கம் பரவாயில்லை.

என்னைக் கூப்பிட்டவர் கலாவதி. வீடு புக்கிட் காத்திலில், பட்டறை செங் தொழிற்பேட்டையில். செம்பனைக் குலையிலிருந்து பழத்தை உதிர்த்து எண்ணெய் எடுத்த பிறகு வெறுங்குலை மிஞ்சும். அதை நாராக்கி, கூழாக்கி, அட்டையாக விற்கிறார்கள். அந்த அட்டையை நனைத்துச் சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. நான் இணையத்தில் நடத்திய ஒரு வகுப்பில் மற்றவர்களெல்லாம் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அச்சில் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்காக நான் ஒரு தட்டு வரைந்தேன். அச்சை எங்கள் ஊர்க் கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் கடைந்து அனுப்பினேன். ரெம்பியா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானம் முழுக்க அந்தத் தட்டில்தான் என்று முடிவானதும், "நீங்க வந்து பாக்கணும்ணே" என்றார்.

விமான நிலையத்திலிருந்து மலாக்கா போகிற பேருந்தில் குளிர் எலும்பைத் தொட்டது. வழியில் ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். நான் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் ஒன்றை வாங்கி, அங்கேயே நின்று பொட்டலத்தின் காகிதத்தை ஆராயத் தொடங்கிவிட்டேன். பழுப்புக் காகிதம், பார்க்கப் பரம சாது. நகத்தால் கீறினால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வருகிறது. எண்ணெயும் ஈரமும் வெளியே வராமல் தடுப்பது அந்தத் தோல்தான். அதனாலேயே அந்தக் காகிதம் மண்ணில் மட்கவும் மட்காது, பழைய பேப்பர்காரரும் எடுக்கமாட்டார். இதையெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பேருந்து கிளம்பிவிட்டது. நெத்திலிச் சம்பல் விரல்களில் ஒட்ட ஓடினேன். ஒரு சீனப் பாட்டி கதவைத் தட்டி நிறுத்தினார். ஏறியதும் ஓட்டுநர் மலாயில் ஏதோ சொன்னார், முன் இருக்கைப் பெண் எனக்காகத் தமிழில் மாற்றிச் சொன்னார்: "சோறு எங்கேயும் ஓடாது, பஸ்ஸுதான் ஓடும்னு சொல்றாரு."

மலாக்கா சென்ட்ரலில் கலாவதி காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலைக்காரர்கள் போடுகிற தடித்த செருப்பு, தலைமுடியை இறுக்கிக் கட்டிய கொண்டை. வணக்கத்துக்கு முன்னால், "பசியாறிட்டீங்களா?" என்றார். இங்கே காலை, மாலை எப்போது யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நம் ஊரில் எழுத்தில் மட்டும் மிஞ்சிய சொல் இங்கே காரில் ஏறும்போதே கிடைக்கிறது. ஆசையாக இருந்தது. பசியாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

கூட அவருடைய அண்ணன் சிவலிங்கம். சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறவர். கனத்த உடம்பு, எப்போதும் காதில் போன். சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லே. மெஷின் நான் வாங்கிக் குடுத்தது. தங்கச்சி ஆசைப்பட்டுச்சு, சரின்னேன். இந்தத் திருவிழாவுல தட்டு நல்லா போச்சுன்னா சுத்தி உள்ள கோயில்லாம் எடுக்கும். போகலேன்னா மெஷின வித்துடுவேன். தங்கச்சிக்குப் பழைய ஃபேக்டரியில எடம் இன்னும் இருக்கு. சூப்பர்வைசர் இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்னு சொல்லியிருக்காரு."

"அந்த ஃபேக்டரியில என்ன செய்றாங்க?" என்று கேட்டேன்.

கலாவதி டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "வெள்ளைப் பொட்டி. போலிஸ்டீரின். சாப்பாடு தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கட்டிட்டுப் போவாங்கல்ல, அதுதான். பதினெட்டு வயசுல போனேன். என் கையால எத்தனை பொட்டி போயிருக்கும்னு கணக்கு கெடையாது. கோயில்ல, கல்யாணத்துல, டிரெயின்ல எங்க பாத்தாலும் நம்ம பொட்டி. காட்டுலயும் கெடக்கும், கடல்லயும் கெடக்கும்."

"அதுக்காக நீ ஒரு ஆளு நிப்பாட்டிட முடியுமா லா?" என்றார் அண்ணன், இந்த ஊர்ப் பேச்சின் வாலான 'லா'வோடு.

"நிப்பாட்ட முடியாது. நான் செய்யாம இருக்கலாம்" என்றார் கலாவதி. சிவலிங்கம் எனக்கு இன்னொரு ரொட்டி சொன்னார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்துவிடுவார் என்று எனக்கு அப்போதே தோன்றியது, அதனால்தான் பயமும் வந்தது.

மறுநாள் பட்டறை. இரு பக்கமும் கார் ஒர்க்‌ஷாப், நடுவில் இவருடையது. உள்ளே நுழைந்தால் வெந்த வைக்கோல் வாசனை. ஒரே ஒரு அழுத்தும் மெஷின், ஒரு தொட்டி, தட்டுகள் ஆறுவதற்குக் கம்பி அடுக்கு. என் அச்சில் என் தட்டு விழுவதை முதன்முறையாக நேரில் பார்த்தேன். ஒவ்வொன்றும் லேசான பழுப்பில், நாரின் ரேகை தெரிய, அப்பளம் போல மெலிதாக வந்தது. அந்த மெலிவுதான் என் பெருமை.

எங்கள் தொழிலில் நல்ல மனசுக்காரர்கள் முதலில் செய்வது பொருளைக் குறைப்பது. மெலிதானால் கூழ் குறைவு, காய வைக்கும் மின்சாரம் குறைவு, லாரியில் இடம் குறைவு. பல இரவுகள் உட்கார்ந்து சுருக்கிச் சுருக்கி, எவ்வளவு மெலிதாக்கினால் சாம்பார் தாங்கும் என்ற எல்லைக்குக் கொண்டுவந்திருந்தேன். வீட்டு மேசையில் சாம்பாரை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன், ரசம், மோர்க்குழம்பு, பாயசம் எல்லாம் பார்த்தேன். ஒழுகவில்லை. என் மனைவி பொறுமை இழந்து, "பாத்தது போதும், சாப்பிடுங்க" என்கிற அளவுக்குப் பார்த்தேன். கலாவதியும் தன் வீட்டுச் சமையல்மேடையில் அதே சோதனையைச் செய்து படம் அனுப்பியிருந்தார். இருவருக்கும் திருப்தி.

சிவலிங்கத்துக்கு இல்லை. "உள்ள ஒரு பிளாஸ்டிக் தாள ஒட்டிட்டா முடிஞ்சிச்சு லா. ஒழுகாது, ஒடையாது. எல்லாரும் அதத்தான் செய்றான்" என்றார்.

"ஒட்டுனா தோட்டத்துல போட முடியாதுண்ணே" என்றார் கலாவதி. அதன் பொருள் எனக்கு அடுத்த நாள்தான் சரியாகப் புரிந்தது.

அன்று சாயங்காலம் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிச் சந்தைக்குப் போனோம். இரவுச் சந்தை என்பார்கள், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே கூடிவிடுகிறது. அப்பம், இறைச்சியைக் குச்சியில் சுட்ட சாத்தே, கடலை மாவுப் பலகாரம், தேங்காய்ப்பாலில் மிதக்கும் பச்சை நிறச் செண்டோல். கூட்டம் முழுக்க நடந்துகொண்டே தின்றது. ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையில் குச்சி, இடுப்பில் குழந்தை. நம் ஊரில் நின்றுகொண்டு தின்றால் உடம்பில் ஒட்டாது என்பார்கள், இவர்களுக்கு நன்றாகவே ஒட்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். சிரித்தேனே தவிர அது மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை தட்டுகளைச் சிவலிங்கத்தின் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினோம். ரெம்பியாவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழைக்கு முன்னறிவிப்பே கிடையாது, வாளியைக் கவிழ்த்தது போல வருகிறது. தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து படபடத்தது. கூழால் செய்த தட்டுக்கு மழையில் என்ன கதி என்று தெரியும் என்பதால் கலாவதி வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டார். நானும் இறங்கி மூலையைப் பிடித்துக்கொண்டேன். சாலையோரம் இருவரும் தார்ப்பாயோடு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு மலாய்க்காரர், மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தன் பின்னிருக்கைக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. ஒரு பெட்டியின் ஓரம் மட்டும் நனைந்திருந்தது.

கோயிலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. மரங்களுக்கு நடுவே வெறுங்குலைகளைப் பரப்பியிருந்தார்கள். கோயில் தலைவர் முனியாண்டி, தோட்டத்து டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், குடையோடு வந்தார்.

"இதெல்லாம் மில்லுலேர்ந்து திரும்பி வர்ற குலை. மரத்துக்கே ஒரம்" என்றார். "நீங்க இத எடுத்துத் தட்டு செஞ்சா மரத்துக்கு என்ன போடுறது?"

நல்ல கேள்வி. ஒன்றை 'கழிவு' என்று நாம் சொல்லிவிட்டால் அதற்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஏற்கெனவே யாராவது அதற்கு வேலை கொடுத்திருப்பார்கள். கலாவதி பதில் வைத்திருந்தார்: "தட்டு திரும்பி மரத்துக்கே வரும் தலைவரே. சாப்பிட்டு முடிச்சதும் குலைக்கு மேலயே போட்டுடலாம். தோட்ட மானேஜர் கிட்டப் பேசியாச்சு. ஆனா உள்ள பிளாஸ்டிக் இருந்தா அவரு ஒத்துக்க மாட்டாரு, நானும் ஒத்துக்க மாட்டேன்."

தலைவர் தலையாட்டினார். ஆனாலும் பிழைக்கத் தெரிந்தவர். பண்டக அறையில் சுவரோடு சுவராக வெள்ளைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். "அவசரத்துக்கு லா. கோவிச்சுக்காதம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. தோட்டத்தில் இப்போது குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வங்காள தேசத்துத் தொழிலாளர்கள். திருவிழாக் கூட்டமோ செங்கிலிருந்தும் புக்கிட் காத்திலிலிருந்தும் இன்னும் தள்ளியிருந்தும் காரில் வந்தது. மரங்களுக்கு இடையில் கார் மேல் காராக நிறுத்திவிட்டு வெள்ளிச் சரிகை, சென்ட் வாசனையோடு இறங்கினார்கள். தீச்சட்டி வந்தது, உறுமி அதிர்ந்தது, அம்மனுக்குத் தீபம் காட்டினார்கள். பிறகு எல்லோரும் எதற்குக் காத்திருந்தார்களோ அது தொடங்கியது.

வரிசை நகர்ந்தது. சோறு, சாம்பார், கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் பொரியல், சோயாவில் செய்த சைவ மட்டன் பிரட்டல், அப்பளம், சவ்வரிசிப் பாயசம். அந்தப் பிரட்டலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மிளகும் பட்டையும் போட்டு, ஆடே ஏமாந்துபோகும்படி செய்திருந்தார்கள். நான் முதல் ஆளாக வாங்கிக்கொண்டு, உட்கார இடம் தேடினேன். இடம் இல்லை. கூடாரத்தின் கீழ் வயதானவர்களுக்குச் சில நாற்காலிகள், அவ்வளவுதான். பந்தி கிடையாது, மேசை கிடையாது. அத்தனை பேரும் வாங்கிய தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய் நின்று, பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சொந்தம். யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குத் தட்டோடு நடந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனதில் இருந்தது பந்தி. தட்டு ஓரிடத்தில் கிடக்கும், மனிதன் குனிந்து சாப்பிடுவான். இங்கே தட்டு மனிதனோடு நடக்கிறது. என் கையிலிருந்த தட்டே கட்டைவிரல் பட்ட இடத்தில் குழைந்து, சாம்பார் மணிக்கட்டை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது.

வரிசையில் ஓர் இளைஞன் பின்னால் திரும்பிச் சொன்னதைக் கேட்டேன். "அங்கிள், ரெண்டா எடுங்க. ஒண்ணு சொஃப்ட்டா இருக்கு, தாங்காது."

அந்த அங்கிள் இரண்டு எடுத்தார். அவர் பின்னால் இருந்த அம்மாவிடம் சொன்னார். அவர் இரண்டு எடுத்து, தன் பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு கொடுத்தார். செய்தி வரிசையின் கடைசி வரை போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஒன்று தாங்காவிட்டால் இரண்டு. வேலை முடிந்தது. நான் பல இரவுகள் உட்கார்ந்து மிச்சம் பிடித்த கூழையெல்லாம் அவர்கள் ஒரு விரல் அசைவில் செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

சிவலிங்கம் வரிசையில் வந்தார், காதில் போன். பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டி, இரண்டு தட்டை உருவிக்கொண்டு நகர்ந்தார். தான் என்ன செய்தோம் என்றே அவருக்குத் தெரியாது. பரிமாறிக்கொண்டிருந்த கலாவதிக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மரத்தடியில் வங்காள தேசத்து ஆள் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு, தட்டைத் தரையில் வைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே தட்டு. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் கூட்டத்திலேயே நான் வரைந்த தட்டில் நான் நினைத்தபடி சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வரிசையில் பாதி நிற்கும்போதே தட்டு தீர்ந்தது. தலைவர் முனியாண்டி பண்டக அறையைத் திறந்தார். வெள்ளைப் பெட்டிகள் வந்தன. பரிமாறும் இடத்திலிருந்து கலாவதியால் நகர முடியவில்லை, கரண்டி அவர் கையில் இருந்தது. ஒரு பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தார். அவருடைய பழைய தொழிற்சாலைதான். மூடியைத் தட்டித் திறந்து சோறு போட்டார். அடுத்தது, அடுத்தது. அந்த மூடிகளை அத்தனை வேகத்தில் திறக்க அங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை. தப்பு என்னுடையது, தண்டனை அவருக்கு.

கூட்டம் கலைந்த பிறகு நானும் கலாவதியும் குப்பைத் தொட்டிகளைக் கிளறினோம். எங்கள் தொழிலில் இதுதான் உண்மையான படிப்பு. ஜோடி ஜோடியாகத் தட்டுகள். எல்லாவற்றிலும் மேல்தட்டு கட்டைவிரல் இடத்தில் கிழிந்திருந்தது. கீழ்த்தட்டு புதிதாக இருந்தது.

"பாருங்கண்ணே, கீழ இருக்கறதுல ஒரு சொட்டு சாம்பார் படல" என்றார். "சும்மா வந்துட்டுச் சும்மா போகுது."

"நின்னுக்கிட்டுதான் சாப்பிடுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் யோசித்தார். "பொறந்ததுலேர்ந்து இப்பிடித்தாண்ணே சாப்பிடுறோம். வேற மாதிரி சாப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதே."

அவர் தன் ஊர்ச் சாப்பாட்டை நினைத்தார், நான் என் ஊர்ச் சாப்பாட்டை நினைத்தேன். இருவரும் தட்டை மேசையில் வைத்துச் சோதித்தோம். கேட்க வேண்டியவன் நான்.

திரும்பும்போது லாரியில் சிவலிங்கம் குரலைத் தாழ்த்திப் பேசினார். "செவ்வாக்கெழம மத்தியானம் ஒரு ஆளு மெஷின் பாக்க வர்றாரு. நான் சொன்னா சொன்னதுதான். கோவப்படாதம்மா." கலாவதி கோபப்படவில்லை, அழவும் இல்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒங்க பிளைட்டும் செவ்வாக்கெழம ராத்திரிதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை நான் சாப்பிட்ட எல்லாவற்றையும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நடைபாதையில் உலாவினேன். கடைக்காரர் கலாவதியிடம், "சாருக்கு மூலமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பரவாயில்லை. என் கையை அதுவரை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. நான்கு விரல் அடியில், கட்டைவிரல் மேலே. பேசும்போது மணிக்கட்டு நம் பக்கமே சாய்கிறது. சாய்ந்ததும் குழம்பு கட்டைவிரலை நோக்கி வருகிறது. எங்கே பாரம் முழுக்க இருக்கிறதோ, அங்கேயே ஈரமும் சேர்கிறது. அந்த இடத்தில்தான் நான் பொருளை மிச்சம் பிடித்திருந்தேன்.

ஒட்டுக்கடை மேசையிலேயே வரைந்தேன். விளிம்பை வேட்டிக் கரை மடிப்பது போலக் கீழ்நோக்கி மடக்க வேண்டும், அப்போது வளையாது. உள்ளே சுற்றிலும் ஒரு சின்ன வரப்பு வேண்டும், குழம்பு விரலுக்கு வராது. அட்டையும் கொஞ்சம் தடிமனாக வேண்டும், அந்த ரகம் கலாவதியிடம் கொஞ்சம் இருந்தது. முன்பைவிடத் தட்டுக்குப் பொருள் கூடும். குறைத்துக் குறைத்துப் பழகிய கைக்கு அது கஷ்டமாக இருந்தது. ஆனால் இரண்டு தட்டைவிட இது எவ்வளவோ குறைவு.

செங்கில் கலாவதிக்குத் தெரிந்த சீன மெக்கானிக் ஒருவர் புது அச்சைக் கடைந்து தந்தார். கலாவதி மலாயில் கெஞ்சினார், அவர் மலாயில் திட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "திங்கக்கெழம வந்து திங்கக்கெழமயே கேக்குறது இந்தியர்கள் மட்டுந்தான்னு சொல்றாரு" என்றார். திட்டிக்கொண்டே இருட்டுவதற்குள் முடித்துக் கொடுத்தார்.

செவ்வாய் காலையில் முதல் தட்டுகள் கிழிந்து வந்தன. மடங்கும் இடத்தில் நார் பிளந்தது. கலாவதி அட்டையை இன்னும் கொஞ்சம் ஊறவிட்டார், அழுத்தத்தை இரண்டு கட்டமாக்கினார். மெதுவாக ஒருமுறை, பிறகு முழுவதுமாக. அடுத்தது முழுசாக வந்தது. அதற்கடுத்ததும். அவர் எதையும் கொண்டாடவில்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களை எடுத்து வைத்தார். சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணினார்.

மதியம் சிவலிங்கம் வந்தார். மெஷின் பார்க்க வருகிற ஆளுக்காக இடத்தைச் சுத்தம் செய்ய இரண்டு பையன்களையும் கூட்டிவந்திருந்தார். அவர் உள்ளே நுழைந்தபோதே போன் அடித்தது. அவருடைய லாரி ஒன்று டோலில் மாட்டிக்கொண்டது, கட்டணக் கார்டில் காசு இல்லை.

"பசியாறுங்கண்ணே" என்று கலாவதி ஒரு தட்டை நீட்டினார். சோறு, சாம்பார், பொரியல், பிரட்டல் எல்லாம் இருந்தன. எனக்கும் ஒன்று கொடுத்தார், நின்றபடியே சாப்பிட்டேன்.

அவர் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் சொருகினார். "பின்னாடி உள்ளவன்கிட்ட கேளு லா! இல்ல, ரிவர்ஸ் எடுக்காத!" என்று கத்திக்கொண்டே பட்டறைக்குள் நடந்தார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார், மெஷினைச் சுற்றினார். தட்டு அவருடைய இடது கையில் ஆடியது, சாய்ந்தது, ஒரு தடவை கிட்டத்தட்டச் செங்குத்தாகவே போனது. கலாவதியின் கண் அவர் கட்டைவிரலை விட்டு நகரவில்லை. நானும் அதையேதான் பார்த்தேன். வலது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அப்படி ஒரு தட்டு தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

லாரி ஒருவழியாக டோலைத் தாண்டியது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு நேராகக் கலாவதியிடம் வந்து, அதே தட்டை நீட்டினார்.

"சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்து. அந்தப் பெரட்டலும்."

கலாவதி ஊற்றவில்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னா? ரெண்டு பேரும் ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுதாண்ணே எடுத்தீங்க" என்றார் கலாவதி. "ஞாயித்துக்கெழம ரெண்டு எடுத்தீங்க."

சிவலிங்கம் தட்டைப் பார்த்தார். தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கட்டைவிரலை எடுத்து, அது இருந்த இடத்தைத் தடவினார். பிறகு அழுத்தினார், நன்றாகவே அழுத்தினார். அது அப்படியே இருந்தது. சாம்பார் படாத இரண்டு விரலால் போனை வெளியே எடுத்தார்.

"பாஸ், இன்னிக்கி வர வேணாம். ஆமா, மெஷின் விஷயந்தான். ஆடி மாசத் திருவிழால்லாம் முடியட்டும், அப்புறம் பேசுவோம். இல்ல இல்ல, ஒண்ணும் பிரச்சன இல்ல, ஓடிக்கிட்டிருக்கு."

போனை வைத்துவிட்டு, அந்தப் பையன்களைப் பார்த்து, "கூட்ட வேணாம் லா. கையைக் கழுவிட்டு வாங்க, பசியாறலாம்" என்றார். தங்கையிடம் மறுபடியும் தட்டை நீட்டினார். "ஊத்தும்மா."

கலாவதி ஊற்றினார். பிறகு கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, துடைக்க வழியில்லை. ஒரு கையில் தட்டு, இன்னொரு கை முழுக்கச் சாம்பார்.